ஸ்வீடன் மாறிய விதம்: தொழிற்சங்க இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புமிக்க தோழர்களே,

தொழிற்சங்கப் பணியில் புதிதாக ஈடுபட்டு, பகல் வேலை முடிந்தபின் சங்கக் கட்டடங்களிலே கூடிப் பொருளாதாரமும் சரித்திரமும் பயின்றுவரும் உங்களிடையே நடைபெறும் விவாதம் ஒன்று சில காலமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. தொழிலாளரின் வாக்குகளால் ஆட்சிக்கு வந்த ஒரு சமூக ஜனநாயக அரசாங்கம், பொருளாதார நிலைமை மாறிவிட்டது என்று காரணம் கூறித் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளுமானால், அதைத் துரோகம் என்று கண்டிப்பதா, விவேகம் என்று ஏற்பதா என்பதே அந்த விவாதம். உங்களில் ஒரு சாரார், கொள்கை மாறிய அன்றே அக்கட்சியின் உயிர் பிரிந்துவிட்டது என்கிறீர்கள். மற்றொரு சாரார், உலகச் சந்தையின் போக்குக்கு எதிரே ஒரு சிறு தேசம் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டு, மாற்றம் என்ற பெயரில் எது வந்தாலும் அதை ஒப்புக்கொள்ளத் தயாராயிருக்கிறீர்கள். இரு சாராருமே உதாரணத்துக்கு ஸ்வீடன் தேசத்தை நாடுகிறீர்கள். ஆனால் அத்தேசத்தின் நீண்ட சரித்திரத்திலிருந்து உங்கள் வாதத்துக்கு அநுகூலமான பத்து வருஷங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறீர்கள். விட்டுப்போனவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆவலினாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுவது நேர்மையாகும். 1932-ஆம் ஆண்டு முதல் 1976 வரையில் ஏறக்குறைய தொடர்ச்சியாகவும், பின்னர் இடைவெளிகளோடும் ஆட்சி நடத்திய ஸ்வீடன் தேசத்துச் சமூக ஜனநாயகவாதிகள், ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையிலும் தங்கள் பொருளாதாரக் கொள்கையைத் தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள். அம்மாற்றங்களில் எவையெவை இயக்கத்துக்குள்ளேயே வெகுகாலம் சிந்திக்கப்பட்டு, அவற்றால் கஷ்டப்படப் போகிறவர்களிடமே எடுத்துச் சொல்லப்பட்டு, அவர்களுடைய சம்மதத்தோடு நிறைவேறினவோ அவை நிலைத்து நின்றன. எவையெவை நிபுணர்களும் உத்தியோகஸ்தர்களும் மட்டும் அமர்ந்த அறைகளிலே அவசர நிர்ப்பந்தத்தினால் தீர்மானிக்கப்பட்டனவோ அவை, கஜானாவுக்கு நன்மை செய்த சந்தர்ப்பங்களிலும்கூட, கட்சிக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த நம்பிக்கையைக் குலைத்தன. ஆகையால் ஓர் அரசாங்கம் மாறியதா என்பதைவிட, யாரைக் கேட்டு மாறியது, மாற்றத்தின் பாரத்தை யார் தோளில் எவ்வளவு வைத்தது என்ற விசாரணையே நமக்கு உகந்தது என்று கருதுகிறேன்.

1920-களில் அக்கட்சி இருந்த நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1889-இல் தோன்றி, 1920-இல் யால்மார் பிராண்டிங்கின் தலைமையில் முதன்முறையாகத் தனித்து ஆட்சியில் அமர்ந்த அக்கட்சி, பாராளுமன்றத்தில் பெரும்பான்மையின்றிச் சிறிது காலம் ஆள்வதும் பின்னர் விலகுவதுமாக அந்தப் பத்தாண்டுகளைக் கழித்தது. வேலையின்மைக்குக் காரணம் கூலி அதிகமாயிருப்பதே என்பது அக்காலத்துப் பொருளாதார சாஸ்திரத்தின் தீர்ப்பு. ஆகவே வேலையற்றோருக்குச் சர்க்கார் அளித்த நிவாரண வேலைகளில் சந்தைக் கூலியைவிடக் குறைந்த கூலியே தரப்பட்டது. வேலைநிறுத்தம் நடைபெறும் இடங்களுக்குக்கூட அவர்கள் அனுப்பப்படலாம் என்று விதி இருந்தது. 1926-இல் ஸ்ட்ரீப்பா என்ற சுரங்கத்தின் தகராறில் இந்த விதியை ஏற்க மறுத்ததற்காகவே ரிக்கார்ட் சாண்ட்லரின் சமூக ஜனநாயக மந்திரிசபை பதவி துறந்தது. மறுத்ததில் மானம் இருந்தது. ஆனால் அந்த விதிக்குப் பதிலாக நாட்டுக்கு அளிக்கத்தக்க வேறொரு பொருளாதார ஏற்பாடு அவர்களிடம் அப்போது உருவாகியிருக்கவில்லை. பொதுவுடைமை என்பது தொலைதூரத்து இலட்சியமாகவும், வரவுக்கும் செலவுக்கும் சரியாக நிற்கும் பட்ஜெட் என்பது அன்றாட அனுஷ்டானமாகவும் இருந்துவந்தன. இரண்டுக்கும் இடையே பாதை ஏதும் வகுக்கப்படவில்லை.

அப்பாதையை வகுத்தவர்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ். இவர் பொருளாதாரப் பேராசிரியர் அல்லர்; லுண்ட் சர்வகலாசாலையில் ஸ்காண்டிநேவிய மொழிகளைக் கற்று, வட்டார வழக்குகளை ஆராய்ந்தவர். மந்தம் வந்த காலத்தில் அரசாங்கமும் குடும்பஸ்தனைப் போலச் செலவைச் சுருக்கினால் மந்தம் மேலும் ஆழமாகும் என்பதையும், சர்க்கார் கடன் வாங்கி ஒருவனுக்கு முழுக் கூலியில் வேலை கொடுத்தால் அவன் வாங்கும் துணியும் செருப்பும் இன்னொருவனுக்கு வேலையாக மாறும் என்பதையும், 1932-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு எழுதிய ஒரு சிறு பிரசுரத்தில் சாமானியருக்கும் விளங்கும்படி அவர் எடுத்துரைத்தார். வேலை செய்ய நமக்கு வசதி உண்டா என்று கேட்பதே அப்பிரசுரத்தின் தலைப்பு. இதே கருத்தை விளக்கிய பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் பெருநூல் வெளிவந்தது 1936-இல் என்பதை நினைவில் கொண்டால், ஒரு தொழிலாளர் கட்சி தன் சிந்தனையைத் தானே தேடிக்கொண்டதன் பெருமை உங்களுக்கு விளங்கும். குன்னார் மிர்தால் முதலிய இளம் பொருளாதார அறிஞர்கள் அச்சிந்தனைக்கு சாஸ்திர வடிவம் கொடுத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வித்து இயக்கத்தின் உள்ளிருந்தே வந்தது.

காலமும் கொடியதாயிருந்தது. 1931 மே மாதத்தில் வடக்கே ஓடாலென் பள்ளத்தாக்கில் ஊர்வலம் சென்ற தொழிலாளர்மீது இராணுவம் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தேசம் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. 1932 மார்ச்சில் தீப்பெட்டி வியாபாரத்தினால் உலகப் புகழ் பெற்ற ஈவார் குரூகர் பாரிஸ் நகரத்தில் தற்கொலை செய்துகொள்ள, அவருடைய பணச் சாம்ராஜ்யம் சரிந்தது. தொழிற்சங்க உறுப்பினர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். அவ்வருஷத்துத் தேர்தலில் வென்று பெர் ஆல்பின் ஹான்சன் பிரதம மந்திரியானார். விக்ஃபோர்ஸ் நிதி மந்திரியானார். ஆனால் பெரும்பான்மை அப்போதும் இல்லை.

1933 மே மாதத்தில் விவசாயிகள் கட்சியோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையை மாட்டுச் சந்தைப் பேரம் என்றே அந்நாட்டார் இன்றும் சொல்லுகிறார்கள். தொழிலாளருக்கு உணவு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தடையற்ற வர்த்தகத்தை ஆதரித்துவந்த கட்சி, விவசாயியின் வெண்ணெய்க்கும் பாலுக்கும் விலைப் பாதுகாப்பு அளிக்கச் சம்மதித்து, ஏழைகளின் சமையலறையில் வெண்ணெய்க்குப் பதிலாக இருந்த மார்கரின்மீது வரி விதிக்கவும் இசைந்தது. அதற்குக் கைம்மாறாக, பொது வேலைகளிலே சந்தைக் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்ற தன் கோரிக்கையை விவசாயிகள் கட்சி ஏற்கும்படி செய்தது. இதில் விட்டுக்கொடுத்தல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? நகரத்துத் தொழிலாளியின் ரொட்டியில் தடவும் கொழுப்பின் விலை உயர்ந்தது நிச்சயமான நஷ்டம். ஆனால் எதற்காக அந்த நஷ்டம் ஏற்கப்பட்டது என்பது பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. ஸ்ட்ரீப்பாவில் இழந்தது மீட்கப்பட்டது. வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு வாரிசுச் சொத்தின்மீதான வரியை உயர்த்தினார்கள் என்பதால், பாரத்தின் ஒரு பகுதி செல்வர்களையும் சென்றடைந்தது.

இந்த இடத்தில் உங்களை எச்சரிக்கவும் விரும்புகிறேன். ஸ்வீடன் மந்தத்திலிருந்து மீண்டதற்குக் காரணம் இப்பொது வேலைகளே என்று சில பிரசங்கிகள் சொல்வது மிகையாகும். நாணய மதிப்பு வீழ்ந்தபடியால் மரக்கூழும் இரும்பும் வெளிநாட்டில் நன்கு விற்பனையானதே பெரும் காரணம் என்றும், கட்டடத் தொழிலில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தினால் பொது வேலைகள் தாமதமாகவே ஆரம்பமாயின என்றும் பொருளாதார சரித்திராசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் உடன்படிக்கையின் அரசியல் பயன் குறைந்துவிடவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா பற்றிய தகராறில் 1930 மார்ச்சில் சமூக ஜனநாயகவாதியான ஹெர்மன் முல்லரின் கூட்டணி மந்திரிசபை கவிழ்ந்தது. 1932-இல் அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் தங்கள் சொந்த நிபுணர்களைக் கொண்டு, கடன் வாங்கி வேலை கொடுக்கும் திட்டமொன்றைத் தயாரித்துக் கட்சியின் முன் வைத்தபோது, ஹில்ஃபர்டிங் முதலிய தலைவர்கள் பணவீக்க பயத்தினாலும் பழைய சித்தாந்தப் பற்றினாலும் அதை உற்சாகத்தோடு ஏற்கவில்லை. பிரிட்டனில் 1931-இல் வேலையற்றோர் உதவித்தொகையைக் குறைப்பதா என்ற கேள்வியில் மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசாங்கம் உடைந்தது. ஜெர்மானியத் தலைவர்கள் மாற மறுத்தார்கள். மெக்டொனால்டோ தம் கட்சியை விட்டே மாறினார். இரண்டின் விளைவையும் நீங்கள் அறிவீர்கள்.

1938-இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் தொழிலாளர் சம்மேளனமும் முதலாளிகள் சம்மேளனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றி உங்கள் பாடத்திட்டத்தில் போதிய விவரம் இருப்பதால் அதை விட்டுவிட்டு, என் மனத்தில் இன்னும் பெரிய இடம் பெற்றிருக்கும் 1951-க்கு வருகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. வேலையின்மை போய், வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் வந்தது, விலைவாசி ஏறிற்று, கூலியை உயர்த்தாமல் பொறுத்திருங்கள் என்று டாகே எர்லாண்டரின் அரசாங்கம் சங்கங்களை வேண்ட, 1949-லும் 1950-லும் சங்கங்கள் பொறுத்தன. கொரியா யுத்தத்தினால் விலைகள் மறுபடியும் குதித்தபோது அந்தப் பொறுமை வீணாயிற்று. தொழிலாளர் சம்மேளனத்தின் ஆராய்ச்சிப் பகுதியில் சம்பளம் பெற்று வேலை பார்த்த யோஸ்டா ரேன், நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ருடால்ஃப் மெய்ட்னர் ஆகிய இருவரும், அரசாங்கம் தன் கடமையைத் தட்டிக் கழித்துத் தொழிலாளரின் சுயகட்டுப்பாட்டின் பின்னே ஒளிந்துகொள்கிறது என்று தங்கள் கட்சியின் ஆட்சியையே விமரிசித்து, 1951-ஆம் ஆண்டு சம்மேளன மகாநாட்டின் முன் ஓர் அறிக்கை வைத்தார்கள்.

அவ்வறிக்கையின் சாரம் இது: நாட்டில் பணப்புழக்கம் அளவு மீறாமல் வரிகளின்மூலம் இறுக்கிப் பிடிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற விதியை, கம்பெனிக்கு இலாபம் வருகிறதா என்று பாராமல் எல்லாத் தொழிற்சாலைகளிலும் அமல்படுத்துவது சங்கங்களின் பொறுப்பு, அக்கூலியைக் கொடுக்கச் சக்தியற்ற தொழிற்சாலைகள் மூடப்படுமானால் மூடப்படட்டும், ஆனால் அங்கே வேலை இழந்தவனுக்குப் புதுத் தொழில் கற்பித்து, கற்கும் காலத்தில் அவன் குடும்பத்துக்குப் படி கொடுத்து, வேலை உள்ள ஊருக்குப் போக வழிச்செலவும் தந்து அனுப்புவது அரசாங்கத்தின் கடமை. தொழிற்சாலையைக் காப்பாற்றுவதல்ல, தொழிலாளியைக் காப்பாற்றுவதே நோக்கம். தொழிற்சங்கத்தார் தாமே தங்கள் உறுப்பினர்களைப் பார்த்து, உங்கள் ஆலை மூடப்படலாம், அதை நாங்கள் தடுக்க மாட்டோம் என்று சொல்லுவதற்கு எத்தனை மனத் துணிவும், உறுப்பினர்களுக்கு அவர்கள்மீது எத்தனை நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அரசாங்கம் இத்திட்டத்தை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை; 1950-களின் பிற்பகுதியில்தான், 1948-இல் நிறுவப்பட்டிருந்த தொழிற்சந்தை வாரியம் பெரிய நிதி ஒதுக்கீடுகளைப் பெற்று இக்காரியத்தில் முழுமூச்சாக இறங்கியது. பூரோஸ் நகரைச் சுற்றிய நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோதும் தேசத்தில் வேலையின்மை மிகக் குறைவாகவே நின்றது.

உங்களிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள இதுவே தகுந்த இடம். ரேனும் மெய்ட்னரும் மந்திரியின் ஆலோசகர்கள் அல்லர், வங்கியின் நிபுணர்கள் அல்லர். சந்தாப் பணத்தில் சம்பளம் பெற்ற சங்க ஊழியர்கள். ஆலை வாயிலில் முழங்குவதற்கு ஆட்களைத் தேடுமளவுக்கு, பட்ஜெட்டின் அட்டவணைகளைப் படித்துப் பொருள் சொல்லுவதற்கும் ஆட்களைத் தேடி வைத்துக்கொள்ளும் சங்கங்கள் நம்மிடையே மிகக் குறைவு. எதிர்த்தரப்பின் கணக்கையே நம்பி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்வரையில் நமது எதிர்ப்பும் அரைகுறையாகவே இருக்கும்; நமது சம்மதமும் அரைகுறையாகவே இருக்கும்.

அத்திட்டத்துக்கும் குறையுண்டு, அதை மறைப்பது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது. வேலை தேடித் தெற்கு நகரங்களுக்குப் போகும்படி வடக்கே நோர்லாந்துக் காட்டுப் பிரதேசத்து மக்கள் தூண்டப்பட்டார்கள், ஊர்கள் வெறிச்சோடின, பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்வதன் துயரம் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. 1969 டிசம்பரில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள கிருனா முதலிய இரும்புச் சுரங்கங்களிலே, சுமார் ஐயாயிரம் தொழிலாளர்கள், சங்கத்தின் அநுமதியைப் பெறாமலே, சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தபோது, சம்மேளனத்தின் தலைமை தன் உறுப்பினர்களுக்கு எவ்வளவு தூரத்தில் போய்விட்டது என்பது தேசத்துக்கே தெரிந்தது. மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற விதியினால் இலாபம் மிகுந்த கம்பெனிகள், தாம் கொடுக்கக்கூடியதைவிடக் குறைவாகவே கூலி கொடுத்தன. மிச்சம் முதலாளிகளிடம் குவிந்தது. இதைச் சரிக்கட்டவே, இலாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு மாற்ற வேண்டும் என்று 1970-களின் மத்தியில் மெய்ட்னர் கூறினார். கட்சித் தலைமை அதைக் கண்டு அஞ்சிற்று. 1976-இல் நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப்பின் ஆட்சி கைவிட்டுப் போயிற்று. 1983-இல் அந்த நிதி சட்டமானபோது அதன் சாரமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. மசோதாவைக் கொண்டுவந்த நிதி மந்திரிக்கே அதில் நம்பிக்கையில்லை என்பதும் வெளிப்பட்டது.

அந்த நிதி மந்திரி ஷெல் ஓலோஃப் ஃபெல்ட். 1982-இல் ஓலோஃப் பால்மேயின் தலைமையில் கட்சி மீண்டும் பதவியேற்றவுடனே நாணய மதிப்பை 16 சதவீதம் குறைத்தார்கள். ஏற்றுமதி பெருகியது, தொழிற்சாலைகள் தழைத்தன, வேலையின்மை சில ஆண்டுகளில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1985 நவம்பரில் வங்கிகள் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதற்கிருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டபோது, கட்சியின் கிளைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் அதைப் பற்றிப் பரவலான விவாதம் நடந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. மத்திய வங்கிக்கும் நிதி இலாகாவுக்கும் உரிய சில்லறை நிர்வாக விஷயமாக அது கருதப்பட்டது. கடனுக்குச் செலுத்தும் வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்திருந்தது, விலைவாசியோ ஏறிக்கொண்டிருந்தது, இந்நிலையில் கடன் வாங்குபவனுக்குக் கடன் பெரும்பாலும் இலவசமாயிற்று. வீடுகளும் கட்டடங்களும் நிலங்களும் கைமாறிக் கைமாறி விலை ஏறின. 1989-இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் நீக்கப்பட, பணம் எல்லை தாண்டியும் ஓடியது. ரேனும் மெய்ட்னரும் இறுக்கிப் பிடிக்கச் சொன்ன கயிற்றை அரசாங்கமே அவிழ்த்துவிட்டுப் பின்னர் கூலி உயர்வைக் குறைசொல்லியது. இக்காலத்தைப் பற்றிய என் மனக்கசப்பை நான் ஒளிக்க விரும்பவில்லை.

1990 பிப்ரவரியில், பால்மே கொல்லப்பட்டபின் பிரதம மந்திரியான இங்வார் கார்ல்சன், கூலியையும் விலையையும் உறையச் செய்து வேலைநிறுத்தத்தையும் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். சம்மேளனத்தின் தலைமையோடு பேசிவிட்டுத்தான் கொண்டுவந்தார். ஆனால் உறுப்பினர்களிடம் யாரும் பேசவில்லை. ஆலைகளிலிருந்து எழுந்த கோபத்தில் மசோதா தோற்றது, மந்திரிசபை ராஜிநாமா செய்து பின் திரும்பி வந்தது, ஃபெல்ட் விலகினார். வேலைநிறுத்த உரிமைக்காக 1926-இல் பதவி துறந்த கட்சி, அவ்வுரிமையைப் பறிக்க முயன்று 1990-இல் பதவி துறந்தது. 1991 ஜனவரி பட்ஜெட்டில், பணவீக்கத்தை அடக்குவதே மற்றெல்லா நோக்கங்களுக்கும் முன்னிற்கும் என்று எழுதப்பட்டது. பூரண வேலை என்ற ஐம்பது வருஷத்து முதல் நோக்கம் இரண்டாமிடத்துக்குப் போயிற்று. அப்போது வேலையற்றோர் மிகச் சிலரே ஆகையால், அந்த வாக்கியத்தின் விலை உடனே புரியவில்லை.

1993-க்குள் புரிந்தது. நிலத்தின் விலை வீழ்ந்து வங்கிகள் திவாலாகும் தறுவாய்க்கு வந்தன. 1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி தன் வட்டியை 500 சதவீதமாக உயர்த்தியும், நவம்பர் 19-இல் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து தேச வருமானம் சுருங்கியது. வேலையின்மை எட்டு சதவீதத்தைத் தாண்டியது. இவற்றில் பெரும்பகுதி கார்ல் பில்ட் தலைமையிலான வலதுசாரிக் கூட்டணியின் ஆட்சியில் நிகழ்ந்தாலும், அதற்கான வெடிமருந்துக்கிடங்கைத் திறந்து வைத்தவர்கள் அவருக்கு முன்னிருந்தவர்களே என்பதை நாம் மறுக்க முடியாது.

1994-இல் கட்சி திரும்பியபோது பட்ஜெட் பற்றாக்குறை முந்திய ஆண்டில் தேச வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டிருந்தது. நிதி மந்திரியாகி, 1996-இல் பிரதம மந்திரியுமான யோரான் பெர்சன், கடன்பட்டவன் சுதந்திரன் அல்லன் என்ற எண்ணத்தையே கொடியாகப் பிடித்தார். நியூயார்க் நகரத்துக் கடன் வியாபாரிகளின் முன்னே ஒரு ஜனநாயக தேசத்தின் மந்திரி போய்த் தம் நாட்டின் நாணயத்தை விளக்க வேண்டியிருந்த அவமானம் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. விக்ஃபோர்ஸ் கடன் வாங்கிச் செலவிடச் சொன்ன அதே கட்சி, இப்போது செலவை வெட்டிக் கடனைக் குறைத்தது. இதை உங்களில் முதல் சாரார் துரோகம் என்பீர்கள். நான் அவ்வாறு சொல்லத் துணியமாட்டேன். மந்தத்தில் செலவிடுவதும் செழிப்பில் சேமிப்பதும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். செழிப்பில் சேமிக்கத் தவறியவர்களுக்கு மந்தத்தில் செலவிடும் சுதந்திரம் இல்லாமற் போயிற்று.

பாரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். உயர்ந்த வருமானக்காரர்மீது 1995 முதல் ஐந்து சதவீத அதிகப்படி வரி போடப்பட்டது. உணவுப் பொருள்களின்மீதான வரி 21-லிருந்து 12 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மறுபக்கத்தில் குழந்தைகளுக்கான மாதப்படி 750 குரோனரிலிருந்து 640 ஆயிற்று. வேலையற்றோருக்குரிய ஈட்டுத்தொகை சம்பளத்தில் 75 சதவீதமாகத் தாழ்ந்தது. ஆஸ்பத்திரிகளிலும் நகரசபைகளின் முதியோர் பராமரிப்பிலும் வேலை பார்த்த பல பெண்கள் வேலை இழந்தனர். கஜானா நேரானவுடனே குழந்தைப்படி பழைய அளவுக்கு உயர்ந்தது, ஈட்டுத்தொகை 80 சதவீதமாயிற்று. வெட்டியதைத் திருப்பிக் கொடுத்த அரசாங்கங்கள் உலகில் அபூர்வம். அந்த மரியாதையை அவர்களுக்கு நாம் அளிக்க வேண்டும். 1998-இல் உபரி வந்தது. திறந்த வேலையின்மையை நான்கு சதவீதமாகக் குறைப்போம் என்று 1996-இல் சொன்ன வாக்கு 2000-இன் முடிவில் நிறைவேறியது. 1997 முதல் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர்க்கு வயதுவந்தோர் கல்வி அளிக்கப்பட்டதும் அதற்கு உதவிற்று. கற்பவர்களை வேலையற்றோர் கணக்கிலிருந்து நீக்கியதனால் எண் அழகாகத் தோன்றியது என்ற ஆட்சேபத்திலும் நியாயம் உண்டு.

ஓய்வூதியத்தைப் பற்றி எனக்கு அத்தகைய சமாதானம் இல்லை. 1959-இல், எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர் வாக்களிக்காமல் விலகி நின்றதால் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய ஓய்வூதியத் திட்டத்துக்காக அவ்வியக்கம் வாக்கெடுப்பு ஒன்றையும் தேர்தல்களையும் சந்தித்துப் பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று பேசியது. அதற்கு மாற்றாக வந்த திட்டமோ 1994-இல் ஐந்து கட்சிகளின் பிரதிநிதிகள் கூடிய சிறு குழுவில் முடிவாகி, 1998-இல் சட்டமாயிற்று. சம்பளத்தில் 18.5 சதவீதச் சந்தாவில் 2.5 சதவீதம் ஒவ்வொருவரும் தாமே நிதிகளைத் தேர்ந்து பங்குச் சந்தையில் இடும் கணக்குக்குப் போகிறது. தேசத்தின் வருமானம் சுருங்கினால் ஓய்வூதியமும் தானாகவே சுருங்கும். முதியோர் பெருகும் நாட்டில் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்சி உறுப்பினர்கள் முணுமுணுத்து எதிர்த்தபோது, ஐந்து கட்சிகளும் கைகொடுத்துவிட்டபடியால் இனி மாற்ற முடியாது என்ற பதிலே அவர்களுக்குக் கிடைத்தது. முந்தைய திட்டத்தைத் தங்கள் கையால் கட்டினவர்களுக்கு அது போதிய பதிலாகுமா?

கடைசியாக, நீங்கள் உங்கள் அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்பும் ஒரு நிகழ்ச்சி. வாரிசுச் சொத்துக்கு அதிக வரி வேண்டும் என்று விக்ஃபோர்ஸ் முதன்முதலில் கடுமையாக வாதாடியது 1928-இல். அவ்வருஷத்துத் தேர்தலில் அதைக் காட்டி எதிரிகள் மக்களை அச்சுறுத்த, கட்சி தோற்றது. தோற்றும் அதைக் கைவிடவில்லை. வேலையற்றோருக்கு வேலை கொடுத்த கடனை 1933-இல் அவ்வரியைக் கொண்டே அடைக்க ஏற்பாடு செய்தார்கள். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வரியை அடியோடு நீக்கியது யோரான் பெர்சனின் சமூக ஜனநாயக அரசாங்கம். சொல்லப்பட்ட காரணங்கள் இருந்தன: குடும்பக் கம்பெனிகள் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குப் போவதற்கு இடையூறு, பெருஞ்செல்வர்கள் தப்பித்துக்கொள்ள, வீடு ஒன்றே உடைய விதவைகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்ற முறையீடு, கிடைக்கும் வருவாயும் சொற்பம். வீட்டுக்கு விலக்களித்துச் செல்வர்களின் ஓட்டைகளை அடைத்திருக்கலாமே என்பது என் எண்ணம். வங்கிகள் திவாலாகவில்லை, நாணயம் சரியவில்லை, கடன்காரன் யாரும் வாயிலில் நிற்கவில்லை. கஜானா ஒழுங்காயிருந்த காலத்தில், பெரிய போராட்டம் எதுவுமின்றி, அது போயிற்று. 1928-லும் 1933-லும் அவ்வரியைப் பற்றி அவர்கள் பேசியதையும் 2004-இல் பேசியதையும் அருகருகே வைத்துப் படித்து, எந்தப் பொருளாதார நிலைமை இம்மாற்றத்தைக் கேட்டது என்று உங்களில் இரு சாராரும் சேர்ந்து ஆராய்ந்து, உங்கள் முடிவை எனக்கு எழுதுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் தோழன்